வெளிச்சம் தெரிந்தால் ஞானமா?

பத்து நாள் மௌன முகாம் ஒன்றுக்குப் போயிருந்தேன். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது நெற்றிக்கு நேரே ஒரு வெளிச்சம். பால் வெள்ளை, ஓரத்தில் லேசாக நீலம், பெரிதாகிச் சிறிதாகி மெதுவாகத் துடித்துக்கொண்டிருந்தது. முட்டி வலி போன இடம் தெரியவில்லை, கை கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, அழுகை மட்டும் வந்தது. கிடைத்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். மதியம் ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கும் நேரத்தில் போய், குரல் தழுதழுக்க, ஒன்றுவிடாமல் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "சரி, இப்போது மூச்சு எப்படி இருக்கிறது?"

அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. இவருக்கே இதெல்லாம் வந்ததில்லை போலிருக்கிறது, பொறாமை, என்றுகூட நினைத்தேன். (ஆறு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தும் மனசு எவ்வளவு பக்குவப்பட்டிருந்தது, பாருங்கள்.) அப்புறம் பல மதங்களின் அனுபவசாலிகள் எழுதி வைத்ததைப் படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, அது அவருடைய சொந்தச் சரக்கு இல்லை. பௌத்தத் துறவி, சூஃபி, கார்மேல் சபைக் கன்னியாஸ்திரி, ஜென் குரு என்று எல்லோரும் தங்கள் சீடர்களுக்கு ஏறக்குறைய இதே பதிலைத்தான் கொடுத்திருக்கிறார்கள். அது ஏன் என்று புரிந்தால் இந்த விஷயத்தில் பாதிக் குழப்பம் தீரும்.

முதலில் சொல்லைச் சரிசெய்வோம்

ஞானம் என்கிற சொல்லை நாம் எதற்கெல்லாமோ பயன்படுத்துகிறோம். நிறையப் படித்தவர் ஞானி, கோபப்படாதவர் ஞானி, எதிர்காலம் சொல்கிறவர் ஞானி, தியானத்தில் வெளிச்சம் பார்த்தவரும் ஞானி. இதனால்தான் பேச ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷத்தில் ஆளுக்கொன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

இந்தக் கட்டுரைக்கு இப்படி வைத்துக்கொள்வோம். எந்த மதத்திலும் பெரும்பாலானவர்கள் நம்புகிறார்கள், வழிபடுகிறார்கள், ஒழுக்கமாக இருக்கப் பார்க்கிறார்கள். ஒரு சிலருக்கு மட்டும் அது போதுவதில்லை. "சொல்கிறார்களே, அதை நானே நேரில் பார்க்க வேண்டும்" என்று உள்ளுக்குள் கிளம்பிவிடுகிறார்கள். இந்தத் தேடலுக்குப் பெயர் மறைஞானம். அதன் முடிவில் வருவதாகச் சொல்லப்படும் மாறாத தெளிவைத்தான் இங்கே ஞானம் என்கிறேன்.

நேரில் பார்ப்பதற்கும் கேள்விப்படுவதற்கும் என்ன வித்தியாசம் என்று கஜாலி சொன்னதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. பாக்தாதின் நிஜாமியா கல்விக்கூடத்தில் பெரும்புகழோடு இருந்த பேராசிரியர் அவர். 1095-ல் ஒரு நாள் பாடம் நடத்த வாயைத் திறந்தால் பேச்சு வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வைத்தியர்களும் கையை விரித்துவிட்டார்கள். பதவியை உதறிவிட்டு சூஃபிகளின் வழியில் போனார். சூஃபிகள் இஸ்லாத்துக்குள் இந்தத் தேடலில் இருப்பவர்கள். பிற்பாடு அவர் எழுதினார்: குடித்தவனுக்குப் போதையின் இலக்கணம் தெரியாது, ஆனால் போதை இருக்கிறது, நோயில் படுத்த வைத்தியனுக்கு ஆரோக்கியத்தின் இலக்கணம் தெரியும், ஆனால் ஆரோக்கியம் இல்லை. தன்னிடம் இதுவரை இருந்தது இலக்கணம் மட்டும்தான் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

தாமஸ் அக்வினாஸ் கதை இன்னும் சுருக்கம். கிறிஸ்தவ இறையியலையே கட்டி எழுப்பிய மனிதர், 1273 டிசம்பரில் ஒரு நாள் காலைத் திருப்பலிக்குப் பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று உதவியாளர் கெஞ்சிக் கேட்டதற்கு, எழுதியதெல்லாம் வைக்கோல் போலத் தெரிகிறது என்றார். மூன்று மாதத்தில் இறந்தும் போனார். என்ன பார்த்தார் என்று சொல்லவே இல்லை. கண்டவர் விண்டிலர் என்று நாம் சும்மாவா சொல்லி வைத்தோம்.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1902-ல் இப்படிப்பட்ட அனுபவங்களைத் தொகுத்துப் பார்த்து நான்கு அடையாளம் சொன்னார்: வார்த்தையில் அடங்காது, ஏதோ உண்மை தெரிந்துவிட்டது என்ற உறுதி இருக்கும், நீடிக்காது, நாம் வரவழைத்தது போல இல்லாமல் தானாக வந்து ஆட்கொண்டது போல இருக்கும். மூன்றாவதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப அதற்கு வருவோம்.

விசிறி நின்ற நிமிஷம்

மின்விசிறி ஓடும் அறையில் இருக்கிறீர்கள். சத்தம் காதில் விழவே இல்லை. திடீரென்று மின்சாரம் போகிறது, விசிறி நிற்கிறது. அப்போதுதான் "அட, இவ்வளவு நேரம் இவ்வளவு சத்தமா?" என்று உறைக்கிறது. அந்த அமைதி புதிதாக எங்கிருந்தோ வரவில்லை. சத்தம் நின்றதும் தெரிந்தது, அவ்வளவுதான்.

நம் தலைக்குள்ளும் அப்படி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: நான் இப்போது களைப்பாக இருக்கிறேன், அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது சரியில்லை, நாளைக்கு என்ன ஆகுமோ, நான் எப்போதுமே இப்படித்தான். ஆட்டம் ஒரு பக்கம் நடக்கிறது, வர்ணனையாளர் ஒரு பக்கம் பேசிக்கொண்டே இருக்கிறார். நாளாக ஆக, அந்த வர்ணனையாளர்தான் நான் என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறோம்.

அவர் வாயை மூடும் தருணங்கள் சாதாரண வாழ்க்கையிலேயே உண்டு. ஒரு வேலையில் முழுசாக மூழ்கியிருக்கும்போது யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தூக்கிவாரிப்போடும் இல்லையா, அதற்கு முந்தின நிமிஷம் 'நான்' எங்கே இருந்தது? கண் பார்த்துக்கொண்டிருந்தது, கை வேலை செய்துகொண்டிருந்தது, எல்லாம் சரியாகத்தான் நடந்தது. 'நான் செய்கிறேன்' என்ற குறிப்புரை மட்டும் இல்லை.

மறைஞானிகள் செய்வது இதை வேண்டுமென்றே, விழிப்போடு, முழு அளவில் செய்வது. முறைகள் ஆயிரம் இருந்தாலும் உள்ளே புகுந்து பார்த்தால் மூன்று பிடிகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, வர்ணனையாளருக்கு ஒரே வரியைக் கொடுத்துவிடுவது. இந்து மரபில் ஜபம். சூஃபிகளிடம் திக்ர், அதாவது இறைவன் பெயரைத் திரும்பத் திரும்ப நினைத்தல். கிழக்கத்தியக் கிறிஸ்தவ மடங்களில் இயேசுவிடம் இரக்கம் கேட்கும் ஒரு சின்ன ஜெபத்தை மூச்சோடு சேர்த்து நாள் முழுக்க ஓட விடுவார்கள். ஒரே வரியைச் சொல்லிச் சொல்லி வர்ணனை தேய்ந்துபோகிறது.

இரண்டாவது, வர்ணனையாளரையே திரும்பிப் பார்ப்பது. பௌத்த விபாசனாவில் உடல் உணர்ச்சியும் எண்ணமும் தோன்றி மறைவதை ஒன்றும் செய்யாமல் கவனிப்பார்கள். ரமணர் சொன்ன விசாரம், இந்த எண்ணம் யாருக்கு வருகிறது என்று கேட்டு அந்த 'யார்' இருக்கிற பக்கம் கவனத்தைத் திருப்புவது.

மூன்றாவது, ஒப்படைத்துவிடுவது. பக்தி எல்லா மதத்திலும் இந்த வேலையைத்தான் செய்கிறது: வர்ணனையாளர் எப்போதும் எனக்கு என்ன லாபம் என்றே பேசுகிறவர், அன்பு முற்றிவிட்டால் அவருக்குப் பேச விஷயம் இல்லாமல் போகிறது. எட்டாம் நூற்றாண்டில் இராக்கின் பஸ்ராவில் வாழ்ந்த சூஃபிப் பெண் ரபியா ஒரு கையில் தீப்பந்தமும் மறு கையில் தண்ணீருமாகத் தெருவில் ஓடினார் என்றொரு கதை சொல்வார்கள். எதற்கு என்று கேட்டால், சொர்க்கத்தைக் கொளுத்தப் போகிறேன், நரகத்தை அணைக்கப் போகிறேன், அப்போதாவது ஆசையும் பயமும் இல்லாமல் யாராவது கடவுளை நேசிப்பார்களா பார்க்கலாம் என்றாராம்.

இதுவரை வந்தது இவ்வளவு. நமக்குள் 'நான்' என்றொரு வர்ணனை ஓடுகிறது. அதைத் தேய்க்கலாம், திரும்பிப் பார்க்கலாம், ஒப்படைத்துவிடலாம். அது நிற்கும்போது பெரிய அமைதியோ வெளிச்சமோ பேரானந்தமோ வரலாம். சரி, அப்படியானால் அதுதானே ஞானம்? இங்கேதான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள். நானும் வழுக்கினேன்.

தண்ணீர் கேட்ட யோகி

ரமணர் இதற்கு ஒரு கதை சொல்வதுண்டு. கங்கைக் கரையில் ஒரு யோகி, சமாதியில் கைதேர்ந்தவர். சமாதி என்றால் மனம் அசையாமல் ஒடுங்கி நிற்கும் நிலை. ஒரு நாள் கண் விழித்ததும் தாகம். தண்ணீர் கொண்டுவா என்று சீடனை அனுப்பினார். அவன் வருவதற்குள் மறுபடி சமாதியில் ஆழ்ந்துவிட்டார். காலம் போகிறது, சீடன் போய்ச் சேர்ந்துவிட்டான், ஆட்சிகள் மாறிவிட்டன, தலைமுறை தலைமுறையாக உலகம் எங்கேயோ போய்விட்டது. கடைசியில் யோகி கண் திறந்தார். வாயிலிருந்து வந்த முதல் சொல், "தண்ணீர்!"

இந்தக் கதையை முதலில் கேட்டபோது சிரித்தேன். அப்புறம் என் நெற்றி வெளிச்சம் ஞாபகத்துக்கு வந்தது. அந்த யோகிக்குக் கிடைத்த அமைதி பொய் இல்லை. எத்தனையோ தலைமுறை ஆடாமல் அசையாமல் இருந்திருக்கிறார். ஆனால் உள்ளே போகும்போது எந்தத் தாகத்தோடு போனாரோ அதே தாகத்தோடு வெளியே வந்தார். ரமணர் இதை மனோலயம் என்பார், மனம் தற்காலிகமாக ஒடுங்குவது. ஒடுங்கினது எழும். மனம் வேரோடு அற்றுப்போவதற்கு மனோநாசம் என்று பெயர், அது எழாது.

விசிறிக்கே திரும்பப் போவோம். மின்சாரம் போனதால் விசிறி நின்றது; மின்சாரம் வந்தால் மறுபடி ஓடும். அதுதான் லயம்.

இன்னொரு பழைய உதாரணம் எல்லோருக்கும் தெரியும், அரையிருட்டில் கிடந்த கயிற்றைப் பாம்பு என்று நினைத்துப் பயந்தவன் கதை. இவன் பயம் தீர இரண்டு வழி இருக்கிறது. கண்ணை இறுக மூடிக்கொண்டு நல்லதை நினைக்கலாம். மூடியிருக்கிற வரை நிம்மதிதான். இல்லாவிட்டால் விளக்கைக் கொண்டுவந்து குனிந்து பார்க்கலாம். பார்த்துவிட்டான் என்றால், அப்புறம் விளக்கு அணைந்தாலும் பயம் திரும்பி வராது. கண்ணை மூடின நிம்மதி ஓர் அனுபவம், வரும் போகும். கயிறு என்று தெரிந்துகொண்டதை யாரும் பிடுங்க முடியாது. ஜேம்ஸ் சொன்ன மூன்றாவது அடையாளம், நீடிக்காது என்பது, அனுபவத்துக்குப் பொருந்தும். அனுபவம் போன பிறகும் எது போகாமல் இருக்கிறது என்பதுதான் இவர்கள் எல்லோருடைய கேள்வியும்.

அப்படி ஒன்று நடந்ததற்கு ரமணரே உதாரணம். 1896 ஜூலை, மதுரையில் சித்தப்பா வீட்டு மாடி அறை. பதினாறு வயதுப் பையன், உடம்புக்கு ஒன்றும் இல்லை, திடீரென்று சாகப்போகிறோம் என்ற பயம். டாக்டரைத் தேடி ஓடவில்லை. சரி, சாவு வந்துவிட்டது, சாகிறது எது என்று பார்ப்போம் என்று பிணம் போல விறைப்பாகப் படுத்து, உதட்டை இறுக மூடி, மூச்சை அடக்கிப் பார்த்திருக்கிறார். உடம்பு செத்தாலும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் 'நான்' சாகவில்லை என்று நேராகத் தெரிந்தது. நடந்தது கொஞ்ச நேரம்தான். ஆனால் அதற்குப் பிறகு மரண பயம் வரவே இல்லை என்றும், மற்ற எண்ணங்கள் ஸ்வரங்கள் போல வந்து போனாலும் இந்த 'நான்' எல்லாவற்றுக்கும் அடியில் சுருதி போல ஓடிக்கொண்டே இருந்தது என்றும் சொன்னார். வெளிச்சம் தெரிந்ததாக அவர் பேசவில்லை.

எல்லோருக்கும் இப்படி அரை மணியில் முடிகிற காரியம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கணித மேதை பாஸ்கலுக்கு 1654 நவம்பர் 23 இரவு ஏறக்குறைய பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை ஏதோ நடந்தது. 'நெருப்பு' என்று ஒற்றைச் சொல்லை ஒரு தாளில் எழுதி, கீழே சில வரிகள் கிறுக்கி, அதைச் சட்டையின் உள்துணியில் வைத்துத் தைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. எட்டு வருஷம் கழித்து அவர் இறந்த பின்பு வேலைக்காரர் கையில் அது தட்டுப்பட்டது. அந்த இரண்டு மணி நேரத்தை மறந்துவிடக் கூடாது என்ற தவிப்பு அந்தத் தையலில் இருக்கிறது.

ஊருக்கு ஊர் ஒரே எச்சரிக்கை

அனுபவத்தையும் ஞானத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்று ஒவ்வொரு மரபும் தன் பாஷையில் சொல்லி வைத்திருக்கிறது.

சூஃபிகளிடம் இதற்குத் துல்லியமான சொற்களே உண்டு: 'ஹால்' என்றால் தானாக வந்து தானாகப் போகும் நிலை, 'மகாம்' என்றால் உழைத்து ஏறி நிற்கிற படி. ஜென் மரபில் தியானத்தில் வரும் காட்சி, ஒலி, வெளிச்சம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'மாக்கியோ' என்று பெயர், பேய் உலகம் என்று பொருள். புத்தர் வந்து ஆசீர்வாதம் செய்கிற மாதிரி தெரிந்தாலும் அது மாக்கியோதான், உட்கார்ந்து மூச்சைப் பார். பதஞ்சலி சித்திகளை, அதாவது யோகத்தில் வரும் அதிசய சக்திகளை, சமாதிக்கு இடையூறு என்றே சொல்லிவிட்டார். ஐந்தாம் நூற்றாண்டில் பௌத்த உரையாசிரியர் புத்தகோசர், விபாசனா செய்கிறவரை ஏமாற்றக்கூடிய பத்து விஷயங்களை வரிசைப்படுத்தினார். அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது எது தெரியுமா? வெளிச்சம். அதைப் படித்த அன்று அந்த ஆசிரியருக்கு மனசுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த அவிலாவின் தெரசாவுக்குக் காட்சிகள் ஏராளம். அவரே தன் மடத்துச் சகோதரிகளிடம், இதையெல்லாம் வைத்து யாரையும் எடை போடாதீர்கள், பக்கத்தில் இருப்பவர்மேல் அன்பு கூடியிருக்கிறதா என்று பாருங்கள் என்றார்.

சுருக்கமாகச் சொன்னால், காட்சி வந்தால் தப்பில்லை, வராவிட்டாலும் தப்பில்லை. அது போகிற வழியில் தெரிகிற பலகை. பலகையைக் கட்டிக்கொண்டு நிற்காதே என்பதுதான் ஆசிரியர்கள் சொல்வது.

அப்படியானால் எல்லா மதமும் ஒன்றுதானே?

இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி 1945-ல் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார்: மேலே தோல் வேறு வேறு, உள்ளே சாறு ஒன்று. 1978-ல் ஸ்டீவன் காட்ஸ் என்கிற அறிஞர் எதிர்வாதம் வைத்தார். யூத மறைஞானிக்கு யூத அனுபவம்தான் வருகிறது, பௌத்தருக்குப் பௌத்த அனுபவம்தான் வருகிறது, எதை எதிர்பார்த்துப் பயிற்சி செய்கிறோமோ அதுவே அனுபவத்தையும் வடிவமைக்கிறது என்றார்.

சேர்ந்த இடத்தைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேட்டால் வித்தியாசம் சின்னதில்லை. அத்வைதம் இருப்பது ஆத்மா ஒன்றே என்கிறது. பௌத்தம் தேடிப் பார்த்தால் ஆத்மா என்று எதுவும் அகப்படவில்லை என்கிறது. கிறிஸ்தவ, யூத, இஸ்லாமிய மரபுகளில் கடவுளோடு எவ்வளவு நெருங்கினாலும் படைத்தவர் படைத்தவர்தான், படைப்பு படைப்புதான். அந்தக் கோட்டைத் தாண்டிப் பேசியவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. 'நானே உண்மை' என்று சொன்னதாக அறியப்படும் சூஃபி ஹல்லாஜ் 922-ல் பாக்தாதில் கொல்லப்பட்டார், அதற்கு அரசியல் காரணங்களும் உண்டு. ஜெர்மானியத் துறவி எக்கார்ட்டை இறந்த பிறகுகூட விடவில்லை; 1329-ல் போப்பாண்டவர் அவருடைய 28 கூற்றுகளைக் கண்டித்து ஆணை வெளியிட்டார்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பிடிகள் ஒன்று, எச்சரிக்கைகள் ஒன்று, போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றிய பேச்சு வேறு. அந்த இடமே வேறா, பேச்சு மட்டும்தான் வேறா என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. எல்லாம் ஒன்றுதான் என்று அவசரப்பட்டுச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் தன் மரபின் பேச்சுக்குள் மற்றவர்களை அடைக்கிறார்கள், மரியாதையாக.

மூளைக்குள் என்ன?

நாம் சும்மா இருக்கும்போது மூளையும் சும்மா இருப்பதில்லை. அப்போது சேர்ந்து சுறுசுறுப்பாகிற சில பகுதிகள் உண்டு. அவற்றை இயல்புநிலை வலையமைப்பு என்கிறார்கள். அமெரிக்க நரம்பியலாளர் மார்கஸ் ரெய்க்கிள் குழு 2001-ல் இதை எடுத்துக் காட்டியது. பழசை அசைபோடுவது, நாளையை நினைப்பது, தன்னைப் பற்றி யோசிப்பது எல்லாம் இதோடு தொடர்புள்ளவை. நம் வர்ணனையாளரின் அறை என்று வைத்துக்கொள்ளலாம். நீண்ட காலம் தியானம் பழகியவர்களிடம் இதன் முக்கியப் பகுதிகள் அடங்கியிருப்பதாக 2011-ல் ஓர் ஆய்வு கண்டது.

இதை வைத்து ஞானத்தை நிரூபித்துவிட்டார்கள் என்று ஒரு கூட்டமும், எல்லாம் வெறும் மூளைதான் என்று இன்னொரு கூட்டமும் கிளம்பும். இரண்டும் அவசரம். மாம்பழம் தின்னும்போதும் மூளையில் ஏதோ மாறத்தான் செய்கிறது, அதனால் மாம்பழம் பொய்யாகிவிடாது, மெய் என்று நிரூபணமும் ஆகிவிடாது.

இருட்டும் உண்டு

'ஆன்மாவின் இருண்ட இரவு' என்ற சொல்லை இப்போது எந்த மனச்சோர்வுக்கும் ஒட்டிவிடுகிறார்கள். அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரர், தெரசா காலத்து கார்மேல் சபைத் துறவி சிலுவையின் யோவான், சொன்னது வேறு. 1577-ன் கடைசியில் சொந்த சபைக்காரர்களே அவரைப் பிடித்து டொலேடோவில் ஓர் இருட்டறையில் ஏறக்குறைய ஒன்பது மாதம் அடைத்து வைத்தார்கள். ஜெபத்தில் கிடைத்துக்கொண்டிருந்த இனிப்பு வற்றிப்போய், கடவுள் கைவிட்டது போலத் தோன்றும் காலத்தைத்தான் அவர் இரவு என்றார். இனிப்புக்காக வந்தவனா, கடவுளுக்காக வந்தவனா என்று பிரித்துக் காட்டுகிற காலம் அது.

ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, பயம் விடவில்லை, தன் உடம்பே தன்னுடையது இல்லை போலிருக்கிறது என்றால் அதற்கு ஆன்மிகப் பெயர் சூட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. தீவிரத் தியானத்தில் சிலருக்கு இப்படி ஆவதுண்டு. பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். அது முன்னேற்றத்தின் அறிகுறிதான், தொடருங்கள் என்று சொல்கிற குருவிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

எட்டாவது படத்துக்கு அப்புறம்

பாக்தாத் சூஃபிகளிடம் 'ஃபனா' என்றொரு சொல் உண்டு, தான் அழிந்துபோதல். கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்கு அடுத்த சொல்லான 'பகா'வை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அழிந்த பிறகு திரும்பி வந்து, நிதானத்தோடு, எல்லோரையும் போல இருப்பது. 910-ல் மறைந்த ஜுனைத் இந்த இரண்டாவதைத்தான் உயர்வாகச் சொன்னார்.

சீனத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் குவோஆன் என்கிற ஜென் துறவி இந்தப் பயணத்தைப் பத்துப் படமாக வரைந்தார். ஒருவன் தொலைந்த மாட்டைத் தேடுகிறான். குளம்படி தெரிகிறது, மாடு தெரிகிறது, பிடிக்கிறான், முரண்டு பிடிக்கிறது, பழக்குகிறான், அதன் முதுகில் ஏறிப் புல்லாங்குழல் ஊதிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். ஏழாவது படத்தில் மாடு இல்லை. எட்டாவதில் அவனும் இல்லை, வெறும் வட்டம். கதை அங்கே முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். குவோஆன் இன்னும் இரண்டு வரைந்தார். ஒன்பதாவதில் ஆறு ஓடுகிறது, பூ பூத்திருக்கிறது. பத்தாவதில் அவன் திரும்பி வந்திருக்கிறான், காலில் செருப்பு இல்லை, மார்பில் துணி இல்லை, மேலெல்லாம் மண்ணும் சாம்பலும், வாயெல்லாம் சிரிப்பு, கையில் ஒரு சுரைக்குடுவை. சந்தைக்குள் போய்க்கொண்டிருக்கிறான்.